கடைசித் துண்டு யாருடையது?

கொழும்பின் புதுமாதிரி உணவகங்கள் சிலவற்றில் இப்போது மெனு அட்டையின் தலைப்பிலேயே ‘பகிர்ந்து உண்பதற்கானவை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு கோப்பைச் சோறு அங்கே கிடையாது. உள்ளங்கை அகலத் தட்டுகளில் இரண்டு வாய், மூன்று வாய் என்று ஒவ்வொன்றாக வரும். மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயின்காரர் தபாஸ் என்றும் துருக்கியரும் அரபிகளும் மெஸ்ஸே என்றும் வைத்திருக்கும் வழக்கத்தை நம்மூர்ச் சரக்கோடு கலந்து செய்திருக்கிறார்கள். கலப்பு என்பதற்கு ‘பியூஷன்’ என்று பெயர். கலப்பில் புதுமை ஒன்றும் இல்லை. மலாய்க்காரர் கொண்டுவந்த வட்டிலப்பத்தை நாம் நமது நோன்புப் பெருநாளின் அடையாளமாக்கி வைத்திருக்கிறோம். பறங்கியரின் லம்பிரைஸ் ஒல்லாந்துப் பெயரோடு வாழையிலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் புதிதாகப் பட்டது ‘பகிர்ந்து உண்ணல்’ என்பதற்கு விலை போட்டு விற்கிறார்களே என்பதுதான். அந்தச் சொல்லை நாம் எந்தப் பொருளில் வைத்திருக்கிறோம், அவர்கள் எந்தப் பொருளில் விற்கிறார்கள் என்ற கேள்வி சில மாதங்களாக மனதில் கிடக்கிறது.

விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பில் தங்கியிருந்த ஒரு வாரத்தில்தான் அப்படியோர் இடத்துக்குப் போக நேர்ந்தது. அழைத்தவர் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவர். ஆசிரியத் தொழிலை விட்டுக் கம்பனி ஒன்றில் சேர்ந்து இப்போது வசதியாக இருக்கிறார். மட்டக்களப்புப் பக்கத்தில் அதிபராக இருக்கும் இன்னொரு கலாசாலை நண்பரும் வந்திருந்தார். நண்பரின் அலுவலகத்துத் தம்பி ஒருவரும் சேர நாங்கள் நான்கு பேர். கொள்ளுப்பிட்டிக் குறுக்குத் தெரு ஒன்றில், பழைய வீட்டைத் திருத்தியமைத்த இடம். விளக்கு வெளிச்சம் மெனுவை வாசிக்கப் போதவில்லை. தம்பி தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டினார்.

முதலில் ஒன்றை அந்த இடத்துக்குச் சாதகமாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாத் தட்டும் நடுவுக்கு வருவதால் ஒருவருடைய வரம்பு எல்லோருடைய வரம்பாகிவிடுகிறது. நாங்கள் இருவரும் ஹலால் பார்க்கிறவர்கள். எதிலும் வைன் ஊற்றக்கூடாது. அதிபர் மாட்டிறைச்சி தொடாதவர். நண்டு பற்றி நமது ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே இரு பேச்சு இருப்பதால் என் பொருட்டு நண்டும் போயிற்று. தம்பிக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவர்தான் பரிமாறும் பையனிடம் ஒவ்வொன்றாக விசாரித்து, கூடாதவற்றை நீக்கினார். ஆளுக்கொரு கோப்பை என்றிருந்தால் அவரவர் விருப்பத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு அருகருகே தனித்தனியாகச் சாப்பிட்டிருப்போம். 2013ஆம் ஆண்டு ஹலால் இலச்சினையை வைத்து நாட்டில் எழுந்த கூச்சலை மறக்காதவர்களுக்கு, ஒரு மேசையில் நாலு பேர் நாலு பேருடைய விலக்கையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வது சின்ன விசயமாகத் தெரியாது.

பிறகு தட்டுகள் வந்தன. பொலொஸ் கறி வைத்து மடித்த சின்ன ரொட்டி, கணவாய், எலுமிச்சை அளவு அப்பத்தில் இறால், கிண்ணத்தில் சீஸ் போட்ட கொத்து. ருசியில் குறை சொல்ல முடியாது. குறை கணக்கில் இருந்தது. நாலு பேர் இருக்கும் மேசைக்கு மூன்று அப்பம் வந்தது. அடுத்த தட்டில் ஐந்து துண்டு கணவாய். நான் தரம் நான்குக்கு வகுத்தல் படிப்பிக்கிறவன். ஐந்தை நாலால் வகுத்தால் ஈவு ஒன்று, மீதி ஒன்று. கரும்பலகையில் மீதி என்று எழுதிக் கோடு கிழித்து முடித்துவிடலாம். மேசையில் அந்த மீதி கிடந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

‘நீங்க எடுங்க சேர்’ என்றார் தம்பி. ‘இல்லயில்ல, நீங்க எடுங்க’ என்றேன். அதிபர் வயிறு நிறைந்துவிட்டது என்றார், நிறைந்திருக்க வழியில்லை. அழைத்த நண்பரும் தொடவில்லை. கணவாய் ஆறிச் சுருங்கியது. அரை மணி நேரம் கழித்துப் பையன் வந்து ‘முடிஞ்சுதா?’ என்று கேட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனான். அது எங்கே போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேரின் மரியாதையும் சேர்ந்து ஒரு துண்டு உணவைக் குப்பையில் போட்டது. உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று அறியமாட்டீர்கள், ஆகவே தட்டை வழித்து உண்ணுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதில் இரண்டு பேர்.

ஏன் யாரும் எடுக்கவில்லை? கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. ஸஹீஹுல் புகாரியில் பேரீச்சம்பழம் பற்றிய ஓர் அறிவிப்பு இருக்கிறது. இப்னு ஸுபைர் காலத்துப் பஞ்ச ஆண்டொன்றில் மக்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கப்படுகிறது. உண்டுகொண்டிருப்பவர்களைக் கடந்து போகும் இப்னு உமர் (ரழி) அவர்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து எடுக்காதீர்கள், நபிகளார் அதைத் தடுத்திருக்கிறார்கள், சகோதரனிடம் அனுமதி கேட்டாலன்றி என்று சொல்லிக்கொண்டு போவார்களாம். இமாம் நவவி இதற்கு விளக்கம் எழுதும்போது ஒரு கேள்வியை உள்ளே கொண்டுவருகிறார்: அந்த உணவு யாருக்குச் சொந்தம்? எல்லோருக்கும் பொதுவானதென்றால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவருக்குச் சொந்தமானதென்றால் அவருடைய சம்மதம் போதும். அவரே எடுப்பதானால் தடையில்லை, பண்பு மட்டுமே பாக்கி. இவ்வளவு சின்ன விசயத்துக்கு இவ்வளவு சட்டமா என்று சிரிப்பவர்கள் பஞ்சம் பார்க்காதவர்கள்.

இந்த இடத்தில் கணவாய்த் துண்டின் பிரச்சினை விளங்கியது. பில் வரும்வரைக்கும் அந்த உணவு யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. நண்பர் அழைத்தார் என்பதால் அது விருந்தா? அல்லது நகரத்து வழக்கப்படி கடைசியில் நாலாகப் பிரித்துக் கொடுப்போமா? விருந்தென்றால் கடைசித் துண்டை வற்புறுத்தி ஒருவர் கோப்பையில் வைப்பது வீட்டுக்காரனின் உரிமை, கடமையும்கூட. கூட்டு வாங்கல் என்றால் அது நாலு பேரின் சொத்து, ஒருவர் எடுப்பது மற்ற மூவரின் காற்பங்கை எடுப்பதாகும். இரண்டில் எது என்று யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒருபோதும் இந்த மயக்கம் வராது. சோறு உம்மாவுடையது, அவர் அகப்பையால் போடுவதுதான் தீர்ப்பு. உணவகத்தில் வீட்டுக்காரர் இல்லை, விற்பனைக்காரர் மட்டும் இருக்கிறார். பகிர்வதற்கு ஏதுவாகத் தட்டை நடுவில் வைப்பார். யார் பகிர்ந்து கொடுப்பது என்பதை அவர் சொல்ல முடியாது. ஈற்றில் பில் வந்தது. பத்து வீதம் சேவைக் கட்டணம், பதினெட்டு வீதம் வற் வரி எல்லாம் ஏறியிருந்தது. தம்பி தொலைபேசியை எடுத்துப் பிரிக்கத் தொடங்க, நண்பர் அவர் கையைப் பிடித்துத் தடுத்துத் தானே கொடுத்தார். ஆகவே அது விருந்துதான். துண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஜோர்ஜ் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1910இல் சாப்பாட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் வரும் கருத்து எளியது, ஆனால் விட்டுவிட முடியாதது. நான் நினைப்பதை இன்னொருவருக்குச் சொல்லலாம், நான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்கலாம். நான் தின்றதை மட்டும் வேறு எவரும் தின்ன முடியாது. பாட்டையும் பாடத்தையும் பகிர்வது போல உணவைப் பகிர முடியாது என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஒரு பாடத்தை முப்பது பிள்ளைகளுக்குச் சொன்னால் என்னிடம் குறைவதில்லை. ஒரு ரொட்டியில் குறையாமல் கொடுக்க வழியே இல்லை. உணவில் பகிர்தல் என்பது நான் உண்டது அல்ல, உண்ணாமல் விட்டதுதான்.

நமது சஹனும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கலியாணம், கந்தூரி போன்ற வைபவங்களில் பாய் விரித்து, வெள்ளைச் சீலை போட்டு, பெரிய வட்டத் தட்டொன்றில் நெய்ச்சோறோ புரியாணியோ குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்பது இலங்கை முஸ்லிம்களின் வழக்கம். அரபியில் சஹன் என்றால் தட்டுத்தான். (விருந்தில் மூவருக்குக் குறையவும் கூடாது, ஒன்பதின்மருக்கு மேற்படவும் கூடாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1798இல் எழுதினார். அவருடைய கணக்கு ஓர் உரையாடல் பலருக்கிடையில் சிதறாமல் இருப்பதற்கு. எங்கள் கணக்கு கை எட்டுவதற்கு.) சஹனில் சோற்றுக்கு எல்லைக் கோடு கிடையாது. அவரவர் முன்னால் உள்ளது அவரவருடையது என்பது ஏற்பாடு. நபிகளாரின் வளர்ப்பு மகன் உமர் இப்னு அபீஸலமா சிறுவனாக இருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் அலைய, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உன் அருகிலுள்ளதை உண் என்று சொல்லிக் கொடுத்ததாக வரும் ஹதீஸ்தான் இதற்கு அடிப்படை.

ஆனால் அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தையற்காரர் நபிகளாரை விருந்துக்கு அழைக்கிறார். வாற்கோதுமை ரொட்டி, சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணம். தட்டின் எல்லாப் பக்கமும் சுரைக்காய்த் துண்டைத் தேடி எடுத்து உண்டதைக் கூட இருந்த அனஸ் (ரழி) பார்க்கிறார். அன்றிலிருந்து தனக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்கிறார். அருகிலுள்ளதை உண் என்பதற்கும் இதற்கும் எப்படிப் பொருந்தும்? இமாம் புகாரி தலைப்பிலேயே தீர்த்து வைக்கிறார்: கூட உண்பவர் வெறுப்பதாகத் தெரியாவிட்டால். எனக்கு இந்தத் தலைப்பு மிகவும் பிடிக்கும். எல்லை இருக்கிறது; அன்புள்ள இடத்தில் அது அழியலாம்; அழியலாமா என்று அறிய மற்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கொள்ளுப்பிட்டி மேசையில் நாங்களும் முகத்தைப் பார்த்தோம்தான். அது மற்றவர் எவ்வளவு எடுக்கிறார் என்ற பார்வையா, மற்றவருக்குப் போதுமா என்ற பார்வையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துண்டு எண்ணி வரும் தட்டில் இரண்டு பார்வையும் ஒன்றுபோலவே இருக்கும்.

சஹனில் கோழியைப் பிய்ப்பவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வயதில் மூத்தவர். எங்கள் வாப்பா பிய்த்தால் ஐந்து பேர் முன்னால் வைத்துவிட்டுக் கடைசியில் எஞ்சும் கழுத்தையோ முதுகெலும்பையோ தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ‘பங்கு வெக்கிறவன் கடைசியாத்தான் எடுக்கோணும்’ என்பார். எல்லாச் சஹனிலும் வாப்பா இருப்பதில்லை. கலியாண வீட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழும்புகிறவர்களையும் கண்டிருக்கிறேன். பல்லில்லாத முதியவர் ஒருவர் இறைச்சியை மெல்ல மாட்டாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, மற்ற ஐந்து பேரும் முடித்துக் கை கழுவ எழும்பியதும் அவரும் அரை வயிற்றோடு எழும்பிய காட்சியை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தேன். சஹனைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதும்போது சகோதரத்துவம், சமத்துவம் என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அந்த முதியவர் எந்தக் கதையிலும் வரவில்லை.

இன்னொருவரும் வரவில்லை. எங்கள் ஊரில் கத்னா செய்துவைக்கும் ஒஸ்தா குடும்பம் ஒன்று இருந்தது. ஊரில் அவர்கள் கை படாத ஆண்பிள்ளை இல்லை. பள்ளிவாசல் ஸப்பில் தோளோடு தோள் நிற்பார்கள். கலியாண வீட்டுச் சஹனில் அவர்களைத் தோளோடு தோள் கண்ட ஞாபகம் எனக்கில்லை. யாரும் விலக்கவில்லை, சட்டம் ஏதும் கிடையாது. ஐந்து பேர் இருந்த சஹனுக்கு ஆறாவது ஆளைத் தேடும்போது கண் அவர்களைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அவர்களும் அதை அறிந்து கடைசிப் பந்திக்கு வருவார்கள், தங்களுக்குள்ளேயே ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு. ஒரே தட்டு என்பது நெருக்கத்தின் அடையாளமாக இருப்பதாலேயே யாரோடு நெருங்கமாட்டோம் என்பதையும் அதுதான் காட்டிக்கொடுக்கிறது. கொழும்பு உணவகத்தில் உன் பாட்டன் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதை ஒரு விடுதலையாகக் கொள்ள வேண்டிய மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு நகரத்து நாகரிகத்தைப் பழிப்பது நேர்மையாகாது. அந்த வாசலில் கேட்கப்படுவது வேறு. ஒரு தட்டின் விலை எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் மரக்கறிச் செலவை விட அதிகம்.

2020இல் கொவிட் வந்தபோது சஹன் நின்றது. ஒரே தட்டில் ஆறு கை என்பதை நினைக்கவே பயந்த காலம். பின்னர் பல ஊர்களில் திரும்பியது. எங்கள் ஊரில் ஆளுக்கொரு கோப்பை என்பது பாதிக்குப் பாதி நிலைத்துவிட்டது. சுத்தம், வசதி, வீண்விரயம் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். அவற்றோடு நான் சண்டை பிடிக்கவில்லை. தனிக்கோப்பைதான் நியாயம், அதில் யாரும் யாருடையதையும் பறிக்க முடியாது என்று ஓர் இளம் ஆசிரியர் வாதித்தபோதுதான் நின்று யோசித்தேன்.

சூரத்துன் நூரின் 61ஆம் வசனம், குருடர் மீதும் முடவர் மீதும் நோயாளி மீதும் குற்றமில்லை என்று தொடங்கி, சேர்ந்து உண்டாலும் தனித்தனியாக உண்டாலும் குற்றமில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. உண்பதைப் பற்றிய வசனத்தில் குருடருக்கும் முடவருக்கும் என்ன வேலை? தஃப்ஸீர் ஆசிரியர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று இது: அக்காலத்தில் சிலர் இத்தகையோருடன் ஒரே தட்டில் உண்ணத் தயங்கினார்கள். வெறுப்பினால் அல்ல, பேணுதலினால். குருடர் நல்ல துண்டைக் காணமாட்டார், முடவர் நெருங்கி உட்கார முடியாது, நோயாளி எங்களுக்குச் சமமாக உண்ணமாட்டார். அவர்களுடைய பங்கை அறியாமல் நாம் தின்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். ஆகவே ஒதுங்கினார்கள். நியாயத்தின் மீதிருந்த பேராசை பலவீனர்களைத் தனியே உட்காரவைத்தது! வசனம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. பங்கு அரிசி எண்ணிக்கை வரை சரியாக வேண்டும் என்று நின்றால் முடிவில் ஆளுக்கொரு கோப்பைதான் மிஞ்சும். பல்லில்லாதவரும் கண் தெரியாதவரும் ஒரு மூலையில் முழுப்பங்கோடு தனியே இருப்பார்கள். கூட உண்பதில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடிப்போகும், ஒருவருக்குக் குறைந்துபோகும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு, குறைந்தவர் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் தட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத சஹனை விடத் தனிக்கோப்பை மேல் என்பதையும் நான் ஒப்புக்கொள்வேன்.

2022இல் பொருளாதாரம் விழுந்து, எரிவாயுவுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில் இதை வகுப்பறையில் பார்க்க வேண்டி வந்தது. இடைவேளை மணி அடித்ததும் நாலைந்து பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் மணி முடியும் வரை திரும்பமாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவராதவர்கள். சில பிள்ளைகள் பெட்டியின் மூடியை அரைவாசி திறந்து, உள்ளே ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் இருப்பது தெரியாமல் சாப்பிட்டார்கள். நான் எல்லாப் பெட்டியையும் நடுவில் வைக்கச் சொல்லி, மேசைகளைச் சேர்த்துப் போட்டேன். இரண்டாம் நாள் ஒரு தாய் வந்தார். ‘சேர், நானே அரை வயிறா இருந்து புள்ளைக்குக் கட்டிக் குடுக்கிறன். அது வேற புள்ளைக்குப் போனா நான் என்ன செய்ற?’ என்றார். அவர் சொன்னதில் பிழை காண எனக்கு வாய் வரவில்லை. உண்ணாமல் விட்டதுதான் பகிர்வு என்று மேலே எழுதினேன். அந்தத் தாய் ஏற்கெனவே ஒருமுறை விட்டிருக்கிறார், பிள்ளை இரண்டாம் முறை விட வேண்டுமா?

குழாயடிப் பிள்ளைகளும் வந்துவிடவில்லை. கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றார்கள், கொள்ளுப்பிட்டியில் அதிபர் சொன்ன அதே பொய். நடுவில் வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு நடுவிலிருந்து எடுக்கக் கை வராது. கொடுப்பவனுக்கு அது பகிர்வு, வாங்குபவனுக்கு அது பிச்சை. ஒரே ரொட்டித் துண்டு கையில் இருக்கும் பக்கத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர்களில் ஒருவன் சட்டைப் பையிலும் காற்சட்டைப் பையிலும் அம்பரெல்லாக் காய் நிரப்பிக்கொண்டு வந்தான். கடதாசியில் உப்பும் மிளகாய்த்தூளும் சுற்றியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் மரம் நிற்கிறதாம். மேசையில் கொட்டினான். ரொட்டியை மறந்துவிட்டு எல்லோரும் அதன் மேல் விழுந்தார்கள். காயை யார் கடிப்பது, யார் கல்லில் குத்துவது என்று சண்டை. அவனே பங்கு வைத்தான். தனக்கு வைத்துக்கொள்ளாமல் கொட்டையைச் சப்பிக்கொண்டு, பக்கத்திலிருந்தவனின் பெட்டியிலிருந்து கேட்காமலே ரொட்டியைக் கிழித்து எடுத்தான். அடுத்த நாள் மற்றவர்களும் கொய்யாவோ நெல்லியோ ஏதோ ஒன்றோடு வந்தார்கள்.

2023இல் விலைகள் கொஞ்சம் அடங்கிய பின் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தத்தம் மேசைக்குத் திரும்பின. நான் தடுக்கவில்லை. மேசைகளையும் பழையபடி வரிசையாகப் போட்டுவிட்டேன். மூன்று பேர் மட்டும் தரம் ஐந்துக்குப் போன பிறகும் ஒரே மூடியில் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் அந்த ஒஸ்தா வீட்டுப் பேரன்.